வெறும் வயிறு

மாத்திரை உள்ளே போயாயிற்று. இனி ஒரு மணி நேரத்துக்கு நான் மனுஷியில் சேர்த்தி இல்லை. காபி குடிக்காதவள் என்ன மனுஷி. சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுக்களையில் ஃபில்டரிலிருந்து டிகாஷன் இறங்குகிற வாசனை வந்து மூக்கைக் கிள்ளுகிறது. என் வீட்டுக்காரர் பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், போகிற போக்கில் "எந்திரிக்காத வசு, நான் வந்து கலக்கித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்திரிக்க எனக்கு மட்டும் ஆசையா என்ன. எழுந்து பாத்ரூமுக்குப் போனால் தெரிந்துவிடும், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று ரெண்டாம் நாள். முதல் நாளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, முதல் நாள் ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் வருகிற மாதிரி அடக்கமாக வந்து நிற்கும், கான்வென்ட் பிள்ளை மாதிரி. ரெண்டாம் நாள்தான் அணை திறக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் போதும், ஒரு சூடு தொடை வழியே இறங்கும், அப்புறம் கட்டிகள், ஈரல் துண்டு மாதிரி, அதைப் பார்த்துவிட்டு யாரும் காலை டிபன் சாப்பிட முடியாது, நான் சாப்பிட்டிருக்கிறேன், பழகிவிட்டது. இன்றைக்கும் அப்படி வந்தால் வியாழக்கிழமை என் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். வராவிட்டால் எடுக்க வேண்டியதில்லை. இதில் உனக்கு எது வேண்டும் என்று கேட்டால் எந்தப் பைத்தியமும் ஒரே பதிலைத்தான் சொல்லும். எனக்கு அந்தப் பதில் வாயில் வர மாட்டேன் என்கிறது. இடுப்புக்குக் கீழே ஒரு கனம் இருக்கிறது, ஈரம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது இல்லாத மாதிரியும் இருக்கிறது, நாற்காலியை அசைக்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, இல்லை என்றால் இன்னும் இல்லை என்று அர்த்தம், அதற்குள் என்ன அவசரம். ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்குள் உறுதி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண மண்டபக்காரன் கேட்கிற மாதிரி கேட்கிறாள் அந்தப் பெண், "மேடம், உங்க ஸ்லாட்டை கன்ஃபர்ம் பண்ணிடலாமா?" என் வயிற்றுக்குள் இருப்பதற்கு ஸ்லாட்.

எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னது பெரிய டாக்டரம்மா. ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, மேஜைமேல் கிடந்ததை விரலால் தள்ளிவிட்டு, "குழந்தையும் இல்ல, இனி இதை எதுக்கு வெச்சுக்கிட்டு கஷ்டப்படணும்?" என்றார். வெளியே பெஞ்சில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் மூன்று பெற்றவள், அவளிடம் "அதான் மூணு பெத்தாச்சே, இனி இது எதுக்கு?" என்றாராம். பெற்றவளுக்குப் பெத்தாச்சே, பெறாதவளுக்குப் பெறலையே. மொத்தத்தில் அந்தப் பை இருக்கக் கூடாது, வாடகை பாக்கி வைத்தவனைக் காலி பண்ணச் சொல்கிற மாதிரி. நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. எனக்கா வாய் இல்லை, பள்ளிக்கூடத்தில் பெனடிக்டா சிஸ்டர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதெல்லாம் அந்த வாய்க்குத்தானே, ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்க ரத்தம் இல்லை. உதடு வெளுத்து, படி ஏறினால் காது அடைத்து, யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அதற்கு முன்னால், இவருடைய சித்தப்பா மகள் வளைகாப்பில், மண்டபத்து வெள்ளைத் துணி போட்ட நாற்காலியில், கூப்பிட்டால் வளையல் போட எழுந்து போக வேண்டும், கூப்பிடவே இல்லை, பிள்ளையில்லாதவளை எதற்குக் கூப்பிடுவார்கள், நல்லதாகப் போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன், அப்படியும் கடைசியில் எல்லாரும் சாப்பிட எழுந்தபோது எழ வேண்டி வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். அந்த அய்யய்யோ எனக்கா, நாற்காலித் துணிக்கா என்று இன்னும் தெரியாது. இவர் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டு, பனியனோடு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார், தில்லைநகர் முழுக்கப் பார்த்தது, பாலிடெக்னிக் வாத்தியார் பனியனோடு போகிறார் என்று. வீட்டுக்கு வந்ததும் என் புடவையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பது இவருக்குத் தெரியும், எத்தனை ஆம்பிளைக்குத் தெரியும் அது.

தெரிய வேண்டியது தெரியவில்லை, அதை விடு. அங்கே போகாதே. வேறெதையாவது நினை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இதற்கு 'சம்ஸ்' என்று பெயர் வைத்திருந்தோம், "எனக்கு சம்ஸ்டி" என்றால் பி.டி. வகுப்புக்குப் போகாமல் மரத்தடியில் உட்காரலாம், சிஸ்டருக்கு அது என்னவென்று தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், கழுதைகள். கல்யாணமாகி வந்தால் மாமியார் வீட்டில் இதற்குப் பெயர் தூரம். வராமல் போனால் நாள் தள்ளியிருக்கு. என்ன அழகான வார்த்தை. மற்றவளுக்கு நாள் தள்ளினால் குழந்தை, எனக்கு நாள் தள்ளினால் தைராய்டு. அது தெரியாத காலத்தில் எத்தனை தடவை தள்ளியது, நாற்பது நாள் ஐம்பது நாள் என்று, ஒவ்வொரு தடவையும் மாமியார் மோரில் உப்பைக் குறைத்து, வெயிட் தூக்காதே என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியிடம் கண்ணைக் காட்டி, பிறகு ஒரு காலையில் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து நிற்பேன், அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும், கடையில் மாற்றித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்ட ஜாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். குரல் கட்டிக்கொண்டே இருந்தது, சித்திரை மாதத்தில் குளிர்ந்தது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் குளியலறை ஜல்லடையில் அடைத்தது, தூங்கித் தூங்கி விழுந்தேன், சோம்பேறி என்று பெயர் வந்தது, உடம்பு ஊதியது, சாப்பாட்டைக் குறை என்றார்கள். ஒரு நாள் யாரோ ஒரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு வேலை செய்யவில்லையாம். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒன்று இருக்கிறதாம், அது தூங்கினால் கீழே வயிற்றில் இருப்பதும் தாளம் தப்பிவிடுமாம், ஒரு மாதம் வராது, வந்தால் நிற்காது. தினம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஆயுசுக்கும். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. குழந்தை இல்லாததற்கு ஒரு பெயர் கிடைத்த சந்தோஷம்.

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. கல்யாணம், சாவு, ரயில், காய்ச்சல், எதிலும் விட்டதில்லை, என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஒழுங்கு கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும் மாத்திரை உடம்பில் சேர்ந்தால் இறங்க வேண்டிய டி.எஸ்.எச். என்கிற எண் ஏறியே இருந்தது, டாக்டர்கள் மாத்திரையின் பலத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். "வெறும் வயித்துல போடறீங்களா?" "போடறேன்." "கரெக்டா?" "கரெக்டா." ஏற்று. அடுத்த தடவை, வெறும் வயித்துல போடறீங்களா, போடறேன், ஏற்று. இப்படியே போய், வயிற்றை அறுக்க நாள் குறித்து, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து என் எண்ணைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தைராய்டு குறைச்சலோடு மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டாங்க, முதலில் இதை அடக்குங்க என்று திருப்பி அனுப்பினார். அடக்குவதற்குப் போன இடத்தில்தான் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். தைராய்டுக்கென்றே படித்த டாக்டர், எனக்கு ஒரு பிள்ளை பிழைத்திருந்தால், சரி, விடு. இவர் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார், நான் மட்டும்தான் உள்ளே.

"மாத்திரை எப்போ போடறீங்க மேடம்?"

"காலையில. வெறும் வயித்துல."

"காபி?"

"காபி கூடத்தான்."

"கூடன்னா?"

"கூடன்னா கூடத்தான். மாத்திரையை வாயில போட்டு ஒரு வாய் காபி குடிப்பேன். இதுல என்ன தம்பி விளக்கிச் சொல்றதுக்கு இருக்கு?"

அவன் பேனாவை மூடினான். "எத்தனை வருஷமா?" என்றான். நான் சொன்னேன். "அது வெறும் வயிறு இல்லையே மேடம்" என்றான், கோபமில்லாமல், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவளிடம் கண்டக்டர் சொல்கிற மாதிரி. காபி மாத்திரையைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் ஏறவிடாதாம், ஏறினாலும் கொஞ்சம்தானாம், பாலும் அப்படித்தானாம். தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், பிறகு பாருங்கள். நான் அவனிடம் சண்டை போட்டேன். காபி எப்படி அய்யா சாப்பாட்டில் சேரும்? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள் நாலு தடவை காபி குடிப்பாள், விரதம் முறிந்ததென்று எந்தச் சாமியும் சொன்னதில்லை. காபி குடிச்சியா என்பது ஒரு கேள்வி, சாப்பிட்டியா என்பது வேறு கேள்வி, ரெண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள், ரெண்டுக்கும் தனித்தனி பதில். என் நாத்தனார் சர்க்கரைக்கு வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கப் போகும்போதே காபி குடித்துவிட்டுத்தான் போவாள், சர்க்கரை போடாத காபி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு. அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் இங்கிலீஷ் காகிதத்தை நான் படித்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன், எம்ப்டி ஸ்டமக் என்று இங்கிலீஷில்தான் இருந்தது, நான் அதைத் தமிழில் குடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கதவுவரை போய்த் திரும்பிவந்து கேட்டேன், "நடுவுல ரெண்டு தடவை உண்டாச்சு, தங்கல. அதுவும் இதனாலயா?" "அப்படி உறுதியா சொல்ல முடியாது மேடம், அதுக்குப் பல காரணம் இருக்கும்." "இருக்கலாமா, இல்லையா?" "இருக்கலாம்" என்றான்.

இருக்கலாம். எல்லாச் சனியனும் இந்த ஒரு வார்த்தையில்தான் உட்கார்ந்திருக்கிறது. இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன், ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். போன் அடிக்கிறது. மேஜைமேலேயே இருக்கிறது, நல்ல வேளை, எழ வேண்டாம். நாத்தனார். நினைத்தால் போதும் வந்து நிற்பாள்.

"வசு, எந்திரிச்சிட்டியா?"

"எந்திரிச்சு உக்காந்திருக்கேன் அண்ணி."

"காபி குடிச்சியா?"

"இன்னும் இல்ல. மாத்திரை போட்டிருக்கேன்."

"அட போ, காபி குடிச்சா மாத்திரை கோச்சுக்குமா? ஒரு வாய் ஊத்திக்க, தொண்டை காஞ்சு கெடக்கும். தம்பி எங்கே?"

"பால் வாங்கப் போயிருக்கார்."

"இன்னும் அவன்தான் உனக்குக் காபி கலக்குறானா? எங்கம்மா இதைச் சொல்லிச் சொல்லியே செத்துச்சு."

"ஆமா அண்ணி. டெத் சர்டிஃபிகேட்ல அதான் போட்டிருக்கு."

"உன் வாய் இருக்கே! சரி, நான் புதன்கிழமை வந்துடறேன். ஒரு மாசத்துக்கு நீ அடுப்படிப் பக்கம் வரக் கூடாது, சொல்லிட்டேன். எடுத்துட்டா நிம்மதிடி. நான் எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு, பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"அதான் பாக்கறேனே."

"என்ன?"

"நல்லா இருக்கீங்கன்னு சொன்னேன்."

"பெத்தவளுக்கே ஒரு வயசுக்கு மேல அது வேண்டாம்னு ஆயிடுது. உனக்கென்ன..." என்று வந்து நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. எனக்கென்ன?"

"உனக்கு வலிதானே மிச்சம்னு சொல்ல வந்தேன்" என்றாள், நிஜமான குரலில். கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்கவில்லை. புளியோதரைக்குப் பொடி கொண்டு வரேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வலிதானே மிச்சம். எனக்கு வலிகூடப் பழகிவிட்டது அண்ணி, கணக்குதான் பழக மாட்டேன் என்கிறது. அந்தப் பையன் சொன்னபடி தண்ணீரில் போட ஆரம்பித்து ரெண்டு வாரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. ஓடிப்போய்க் கேட்டால் சிரிக்கிறான், இத்தனை நாள் ஏறாத மாத்திரை இப்போது ஏறுகிறது, அவ்வளவு பலம் இனி வேண்டாம் என்று பாதியாகக் குறைத்துவிட்டான். பாதி. அப்படியென்றால் இத்தனை வருஷம் டாக்டர்கள் ஏற்றிக்கொண்டே போனதெல்லாம் டம்ளருக்குள்ளேயே நின்றுவிட்டது. போன வாரம் ரத்தம் பார்த்தால் எண் இறங்கி, ஒழுங்காக, பள்ளிக்கூடத்து ப்ரேயர் வரிசை மாதிரி நிற்கிறது. பெரிய டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "இப்போ நீங்க ஃபிட், வியாழக்கிழமை எடுத்துடலாம்" என்கிறார். எண் இறங்கினால்தான் அறுக்க முடியும், எண் இறங்கிவிட்டால் அறுப்பதற்கு எதுவும் இல்லை, இதில் இருக்கிற கோமாளித்தனம் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. போன மாதமே எனக்குச் சாதாரணமாகத்தான் வந்தது. நான் நம்பவில்லை. ரத்தம் ஏற்றியதால் இருக்கும், படுத்தே கிடந்ததால் இருக்கும், ஒரு மாதத்தை வைத்து என்ன சொல்ல முடியும் என்று தள்ளிவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்த மாதம் ரெண்டாம் நாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அந்த ரெண்டாம் நாள் இப்போது என் கீழே இருக்கிறது, நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், அடைகாக்கிற மாதிரி. வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வெள்ளமாக வரட்டும், நாற்காலி நனையட்டும், தரையில் சொட்டட்டும். வந்தால், என் வயிறே கெட்ட வயிறு, மாத்திரையால் ஒன்றும் இல்லை, காபியால் ஒன்றும் இல்லை, பிறக்கும்போதே அப்படித்தான், எடுத்துத் தூரப் போடுங்கள் என்று நிம்மதியாக மேஜைமேல் போய்ப் படுப்பேன். வராவிட்டால்தான் பயம். வராவிட்டால், சரியாக மாத்திரை கிடைத்தால் சரியாக நடக்கக்கூடிய வயிறு இது. அப்போதும் சரியாக நடந்திருக்கக்கூடியது. முதலாவது மூன்றாம் மாதத்தில் போயிற்று, அது ரத்தத்தோடு ரத்தமாகப் போயிற்று, பார்க்க ஒன்றும் இல்லை. ரெண்டாவது ஐந்தாம் மாதம். உள்ளே மீன் துள்ளுகிற மாதிரி ஒரு அசைவு தெரிய ஆரம்பித்திருந்தது, நான் இவர் கையை எடுத்து வைத்துக் காட்டினேன், இவருக்குத் தெரியவில்லை, "எங்கே, எங்கே" என்றார், நாளைக்குத் தெரியும் என்றேன். நர்ஸ் அந்த ட்ரேயை ஒரு பச்சைத் துணியால் மூடினாள். பெண் பிள்ளை என்று அவளாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை. அந்த ஐந்து மாதமும் காலையில் எழுந்ததும் டபராவின் விளிம்பில் மாத்திரையை வைத்து, டம்ளரில் நுரை ததும்பக் காபியோடு வந்து நின்றது யார்.

இவர்தான். கல்யாணமான புதிதிலிருந்து காலைக் காபி இவர் கையால்தான். பொண்டாட்டிக்குக் காபி கலக்குற ஆம்பிளை என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினார்கள், இவர் சிரித்துக்கொண்டே கலக்கினார். மாத்திரை வந்த பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார், நான் மறந்துவிடக் கூடாதாம். அட்டையைப் பிரித்து, உடையாமல் எடுத்து, டபராவில் வைத்து, நான் விழுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு நாள் விட்டதில்லை, அவரும். இந்த வீட்டில் என்மேல் வைத்த பாசம் எதற்காவது ஒரு உருவம் இருந்தால் அது அந்த டபராதான். அதைப் போய் இவரிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு மருந்துக் கடையிலிருந்து வந்தவரிடம், "வேற கம்பெனி மாத்திரை எழுதியிருக்கார், இதுக்கு ஒரு மணி நேரம் காபி ஆகாதாம்" என்றேன். சரி என்று தலையாட்டினார். "அப்ப எனக்கும் ஒரு மணி நேரம் கழிச்சே போதும்" என்றார். எரிச்சலாக வந்தது, உங்களை யார் பட்டினி கிடக்கச் சொன்னது என்று கத்தினேன். நான் சொல்லாவிட்டால் தெரியாது. ஆபரேஷன் செய்துகொண்டால் ஏன் எதற்கு என்று பேச்சே வராது, கெட்டுப்போன பை, எடுத்தாயிற்று, முடிந்தது. இவர் நிம்மதிக்கு என் வயிறு என்ன பெரிய விலை. ஆனால் என்னால் முடியவில்லை. உருப்படியாக வேலை செய்கிற ஒன்றை, இத்தனை வருஷம் பட்டினி போட்டதும் போதாமல், சரியாகி நிற்கும்போது அறுத்துக் குப்பையில் போட என்னால் முடியவில்லை. அது எனக்கு என்ன செய்தது, ஒன்றும் செய்யவில்லை. அதற்கு நாங்கள்தான் செய்தோம்.

வாசல் கேட் சத்தம். வந்துவிட்டார். போய்விடலாம், அவர் உள்ளே வருவதற்குள் பார்த்துவிடலாம். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தொடையை இறுக்கிக்கொண்டு நின்றேன், பழக்கம். எதுவும் இறங்கவில்லை. ஒரு அடி வைத்தேன். நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, என்னைப் பார்த்து இளித்தது. பாத்ரூமில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு ரெண்டாம் நாள் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. சிவப்பாக, கட்டியில்லாமல், எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு இருந்த மாதிரி. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். டைல்ஸ் குளிர்ச்சியாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வாந்தி வருகிற மாதிரி இருந்தது, வெறும் வயிறு, வருவதற்கு எதுவும் இல்லை.

வெளியே வந்தபோது இவர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தார். பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு வசு?"

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றேன். "சாதாரணமாத்தான் இருக்கு. போன மாசமும் அப்படித்தான்."

ஏன், எப்படி என்று கேட்பார், கம்பெனி மாற்றிய மாத்திரை நல்ல மாத்திரை என்று சொல்லலாம், வார்த்தையெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பெனி மாறல வசு" என்றார். "அதே கம்பெனி, அதே மாத்திரை. பலத்தைக் குறைச்சதுகூட ரெண்டு வாரம் கழிச்சுத்தான். நான் மொத நாளே அட்டையைப் பார்த்துட்டேன். அப்புறம் நெட்ல போட்டுப் படிச்சேன்."

பாக்கெட்டை வாங்கக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"காபியோட போட்டா ஏறாதாமே."

"எல்லாருக்கும் அப்படி இல்லையாம்."

"ரெண்டு தடவையும் நான்தானே குடுத்தேன்" என்றார். "அஞ்சு மாசம் பக்கத்துல நின்னு நின்னு குடுத்தேனே வசு. நீ முழுங்குறியான்னு பார்த்துப் பார்த்து."

இவர் முகத்தை நான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அந்த முகத்தோடு இவர் இன்னும் எத்தனை வருஷம் இந்த வீட்டில் நடமாட வேண்டும். தினமும் காலையில் அந்த அடுக்களைக்குள் போக வேண்டும்.

"முழுங்கினேன்னு யார் சொன்னா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போல்லாம் நான் எங்கே மாத்திரை போட்டேன்? நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சுக்குவேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடுவேன். ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் விட முடியாதுன்னாங்க, எனக்கு அது பிடிக்கல. இந்த நாலஞ்சு வருஷமாத்தான் ஒழுங்கா போடறேன்."

"டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டாரே. போடறேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"பாப்பா வயித்துல இருந்தப்பவுமா?"

பாப்பா என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தனக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பவும்தான்" என்றேன்.

பால் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தார். வைக்கவில்லை, போட்டார். அது வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. தாடை இறுகியது, கழுத்து நரம்பு எழுந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார், தெரியாத ஒருத்தி தன் வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி.

"ஆஸ்பத்திரிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிக்க" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே போனார். ரெண்டு மாதமாகக் காலை இழுத்து இழுத்து நடந்தார், முட்டிவலி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது வாசலைத் தாண்டித் தெருவில் அந்தச் செருப்புச் சத்தம் வேகமாகப் போகிறது. கோபக்காரன் நடை. தன்மேலேயே பழி போட்டுக்கொண்டவன் அப்படி நடக்க மாட்டான்.